உங்களுக்குத் தெரியுமா? கண்டிஷன் வேறு, சர்க்கம்ஸ்டன்ஸ் வேறு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டைக்கோ ஷிஃப்டுக்குப் போகிற ஒருவர், நிரப்பியும் கையெழுத்துப் போட்டும் படிக்காமலும் தாண்டுகிற தாள்களில் ஐந்து ஆங்கிலச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். கண்டிஷன், சிச்சுவேஷன், சர்க்கம்ஸ்டன்ஸ், ஸ்டேட், ஸ்டேட்டஸ். அகராதியைப் புரட்டினால் ஐந்துக்கும் 'நிலை', 'நிலைமை' என்று ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும். ஆனால் படிவத்தில் இவற்றில் எது விழுகிறதோ, அதைப் பொறுத்து அடுத்த வேலை யாருடையது என்பதே மாறிவிடும். சரிசெய்ய வேண்டியவர் நிர்வாகியா, தொழிலாளியா, இல்லை யாருமே இல்லையா? அதை இந்தச் சொற்கள் சத்தமில்லாமல் முடிவு செய்துவிடுகின்றன.

ஓர் 'எஸ்' செய்கிற வேலை

'இன் வொர்க்கிங் கண்டிஷன்' என்றால் இயந்திரம் ஓடுகிறது என்று பொருள். பேரிங் தேயவில்லை, ஆயில் கசியவில்லை, பட்டனைத் தட்டினால் சுற்றும். கடைசியில் ஓர் 'எஸ்' சேர்த்து 'வொர்க்கிங் கண்டிஷன்ஸ்' என்று எழுதுங்கள். பேச்சு இயந்திரத்தை விட்டு அதன் முன்னால் நிற்கிற மனிதரிடம் வந்துவிடும். சூடு, தூசி, இரைச்சல், எத்தனை மணி நேரம், குடிக்கத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

ஒருமையில் கண்டிஷன் என்பது பொருளின் சொந்த நிலை. பன்மையில் அது சுற்றுப்புறம், அல்லது நிபந்தனைகள். ஓர் இரும்பு உருக்காலையில் உலை அருமையான கண்டிஷனில் இருக்கும். அதே உலைக்கு முன்னால் கண்டிஷன்ஸ் மோசமாக இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஆய்வறிக்கையில் 'எஸ்' விட்டுப்போனால் ஆளைப் பற்றிய குறை இயந்திரத்தைப் பற்றிய பாராட்டாக மாறிப் போகும்.

'அன்சேஃப் ஆக்ட்'டா, 'அன்சேஃப் கண்டிஷன்'ஆ?

பாதுகாப்பு வாரத்தில் ஆலைச் சுவரில் ஒட்டுகிற அட்டைகளிலும், 'நியர் மிஸ்' எனப்படும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிகிற படிவங்களிலும் இந்த இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். முதலாவது ஆளின் செயல். இரண்டாவது இடத்தின் அல்லது இயந்திரத்தின் நிலை.

ஒரு கன்வேயரை நினைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காக பெல்ட்டின் மூடியைக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி துணியால் துடைக்கிறார். விரல் உள்ளே போய்த் தப்பிக்கிறது. சூப்பர்வைசர் படிவத்தை எடுக்கிறார். 'ஓடும் இயந்திரத்தைத் துடைத்தார்' என்று எழுதினால் அது ஆக்ட். அடுத்த நடவடிக்கை அந்த ஆளுக்கு எச்சரிக்கைக் கடிதம், எல்லாருக்கும் பத்து நிமிட அறிவுரை. 'சுழலும் பகுதிக்கு மூடி இல்லை' என்று எழுதினால் அது கண்டிஷன். அடுத்த நடவடிக்கை மூடியைப் பூட்டுவது; அதற்கு ஆளும் நேரமும் பணமும் ஒதுக்குவது. சம்பவம் ஒன்று, படிவம் ஒன்று, மாறியது சொல் மட்டும். அபாயகரமான பகுதிகளை உறுதியான தடுப்பால் மூட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21வது பிரிவே சொன்னது. அதனால் இப்படிப்பட்ட இடத்தில் டிக் போட வேண்டிய கட்டம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த இரட்டைப் பிரிவுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிக் 1931இல் தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விபத்துகளில் 88 சதவீதம் ஆளின் செயலால், 10 சதவீதம் இடத்தின் நிலையால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்று அதில் கணக்குச் சொன்னார். அந்த 88 இன்றும் பயிற்சி வகுப்புகளில் ஓதப்படுகிறது. அவர் எடுத்துக்கொண்ட 75,000 விபத்துப் பதிவுகளில் 63,000 ஆலை முதலாளிகளின் பதிவுகள்; மீதி 12,000 காப்பீட்டுக் கோப்புகள். அடிபட்டவர் சொன்னது எங்கே போயிற்று என்று பிற்காலப் பாதுகாப்பு வல்லுநர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முதலாளி எழுதிய தாளில் 'ஆக்ட்' அதிகமாக இருப்பதில் என்ன வியப்பு?

சட்டம் தேர்ந்தெடுத்த சொல்

2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'வொர்க்கிங் கண்டிஷன்ஸ்' இருக்கிறது. ஆனால் தொழிலாளியின் கடமைகளைச் சொல்லும் 13வது பிரிவுக்கு வந்தால் சொல் மாறுகிறது. பாதுகாப்பற்ற 'சிச்சுவேஷன்' எதுவும் கண்ணில் பட்டால் உடனே முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.

இந்த மாற்றம் தொழிலாளிக்கு நல்லது. கண்டிஷன் என்று எழுத வேண்டுமானால் எது பழுது என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். சிச்சுவேஷன் என்பதற்கு அது வேண்டாம். ஏதோ வாடை வருகிறது, தரை வழுக்குகிறது, மேலே வெல்டிங் நடக்கும்போது கீழே டிரம் நிற்கிறது. ஆளும் இடமும் நேரமும் சேர்ந்து உருவாகிற ஆபத்து முழுவதும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். காரணத்தைத் தேடுவது அதற்குப் பிறகு, அதற்கென்று சம்பளம் வாங்குகிறவரின் வேலை.

வினைச்சொல்லை வைத்துப் பிடியுங்கள்

எதை எழுதுவது என்று தடுமாறும்போது ஆங்கில வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். சிச்சுவேஷனை எதிர்கொள்ளலாம், சமாளிக்கலாம். கண்டிஷனைச் சோதிக்கலாம், மேம்படுத்தலாம். அது நிபந்தனையாக இருந்தால் நிறைவேற்றலாம். ஸ்டேட்டஸைக் கேட்கலாம், திருத்தலாம், புதுப்பிக்கலாம். சர்க்கம்ஸ்டன்ஸை மட்டும் யாரும் எதுவும் செய்வதில்லை. அதுதான் நம்மை ஏதாவது செய்யும். கட்டாயப்படுத்தும், தடுக்கும், தள்ளும். 'சூழ்நிலைக் கைதி' என்று நாம் சொல்வது அதனால்தான். 'நிலைமைக் கைதி' என்று யாரும் சொல்வதில்லை.

சூழ் + நிலை

சர்க்கம்ஸ்டன்ஸ் என்ற சொல்லின் லத்தீன் மூலம் இரண்டு துண்டு: 'சுற்றி', 'நிற்பது'. தமிழின் 'சூழ்நிலை'யும் அச்சு அசலாக அதே கட்டுமானம். சிச்சுவேஷனின் வேர் 'இடம்'. கட்டட வேலைக்காரர்கள் 'சைட்டுக்குப் போறேன்' என்கிறார்களே, அந்தச் சைட்டுக்கும் அதே வேர். ஸ்டேட், ஸ்டேட்டஸ் இரண்டுக்கும் 'நிற்றல்'. கண்டிஷன் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அதன் வேர் 'சேர்ந்து பேசுதல்'. பேசி முடித்த உடன்படிக்கைதான் அதன் முதல் பொருள்; உடம்பின் நிலை, வண்டியின் நிலை எல்லாம் பின்னால் வந்தவை.

பச்சை எரிந்தது, தண்டவாளம்?

2024 அக்டோபர் 11 இரவு. கும்மிடிப்பூண்டிக்கு முந்தைய நிலையமான கவரைப்பேட்டையில், மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. மெயின் லைனில் போகப் பச்சை சிக்னல் கொடுக்கப்பட்டிருந்தது, ரயில் லூப் லைனுக்குள் நுழைந்துவிட்டது என்று தெற்கு ரயில்வே அப்போது அறிவித்தது.

ஸ்டேட்டஸுக்கும் கண்டிஷனுக்கும் இடையில் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஸ்டேட்டஸ் என்பது பதிவில் இருப்பது. பலகையில், திரையில், விளக்கில் தெரிவது. கண்டிஷன் என்பது தண்டவாளத்தில் உண்மையில் இருப்பது. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளுக்காகத்தான் ஆய்வாளர்கள் நடந்தே போய்ப் பார்க்கிறார்கள். பிறகு விசாரணை நடக்கும்போது மூன்றாவது சொல் வரும்: விபத்து நடந்த 'சர்க்கம்ஸ்டன்சஸ்' என்ன? நேரம், வேகம், யார் பணியில் இருந்தார், முந்தைய ரயில் எப்போது போனது என்று விபத்தைச் சுற்றி நின்ற அத்தனையும் அதில் அடங்கும்.

ஆலைக்குள்ளும் இதே கதைதான். இயந்திரத்தின் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடுக்கிய விளக்கு இருக்கும். பச்சை என்றால் ஓடுகிறது, அவ்வளவுதான். பேரிங் எப்படி இருக்கிறது என்று அந்த விளக்குக்குத் தெரியாது. அதற்குத்தான் 'கண்டிஷன் மானிட்டரிங்' என்று தனியே ஆள் வந்து அதிர்வையும் சூட்டையும் அளந்து போகிறார். பச்சை விளக்கின் கீழேயே அவருடைய கருவி 'இன்னும் கொஞ்ச நாளில் உடையும்' என்று சொல்லும். ஸ்டேட்டஸ் கேட்ட மேலாளரும் கண்டிஷன் சொன்ன டெக்னீஷியனும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் கோபித்துக்கொள்வது பல இடங்களில் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரே தலைப்பில் இரண்டும்

தொழில் தகராறுகள் சட்டம், 1947. அதன் 33வது பிரிவின் தலைப்பிலேயே கண்டிஷனும் சர்க்கம்ஸ்டன்ஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. வழக்கு நிலுவையில் இருக்கும்போது, 'குறிப்பிட்ட சர்க்கம்ஸ்டன்சஸில்' பணியின் 'கண்டிஷன்ஸ்' மாறக் கூடாது என்பது அதன் சாரம். எழுதியவர் இரண்டையும் தெரிந்தேதான் பிரித்திருக்கிறார். சம்பளம், வேலை நேரம், விடுப்பு எல்லாம் கண்டிஷன்ஸ். அவை இரு தரப்புக்கும் இடையே உள்ள உடன்பாடு. வழக்கு நடந்துகொண்டிருப்பது சர்க்கம்ஸ்டன்ஸ். அது வெளியே நிற்கும் நிகழ்வு. வெளியே ஒன்று நடக்கும்போது உள்ளே இருக்கும் உடன்பாட்டைத் தொடாதே என்கிறது சட்டம். 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின் 90வது பிரிவு அதே தலைப்போடு வந்திருக்கிறது.

பழைய சட்டத்தின் 9ஏ பிரிவும் தெரிந்திருக்க வேண்டியது. பணி நிபந்தனைகளில் சிலவற்றை மாற்ற நினைத்தால் முதலாளி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்த 21 நாளுக்குள் மாற்றக் கூடாது. எவையெவை என்று நான்காம் அட்டவணை பட்டியலிட்டது. சம்பளம், வேலை நேரம், ஷிஃப்டு மாற்றம் என்று போகும் அந்தப் பட்டியலில், வழக்கமாக இருந்துவரும் ஒரு சலுகையை நிறுத்துவதும் இருந்தது. இந்த முன்னறிவிப்புக் கடமையைப் புதிய தொகுப்பும் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆலை அறிவிப்புப் பலகையில் ஒரு நாள் 'நடப்புச் சிச்சுவேஷன் காரணமாக' ஏதோ ஒன்று நிறுத்தப்படுகிறது என்று தாள் ஒட்டியிருந்தால், நிறுத்தப்படுவது வெறும் வசதியா, பணி நிபந்தனையா என்று முதலில் கேளுங்கள். நிபந்தனையாக இருந்தால் சிச்சுவேஷன் என்ற சொல்லுக்குப் பின்னால் 21 நாளை ஒளிக்க முடியாது.

பர்ச்சேஸ் ஆர்டரில் இரண்டு கண்டிஷன்

'சரக்கு நல்ல கண்டிஷனில் வர வேண்டும்' என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுகிறோம். அதே தாளின் பின்பக்கம் 'டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்' என்று பொடி எழுத்தில் இருக்கும். இரண்டும் வேறு கண்டிஷன்.

1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 12வது பிரிவு கண்டிஷனையும் வாரன்ட்டியையும் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்கே அடிப்படையானது கண்டிஷன். அதை மீறினால் ஒப்பந்தத்தையே முறிந்ததாகக் கொள்ளலாம். துணையாக நிற்பது வாரன்ட்டி. அதை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம், சரக்கைத் திருப்பி அனுப்ப முடியாது. 15வது பிரிவு இன்னொன்று சொல்கிறது. விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் உள்ளே இருக்கும் கண்டிஷன். 'எஃப்இ 500' கம்பி என்று கேட்டு வாங்கியவருக்கு 'எஃப்இ 415' வந்திறங்கினால், கம்பியில் துருவே இல்லாமல் பளபளவென்று இருந்தாலும் கண்டிஷன் மீறப்பட்டுவிட்டது. கம்பியின் கண்டிஷன் நன்று. ஒப்பந்தத்தின் கண்டிஷன் போச்சு.

இதற்கு நேர் எதிர்க்கரையில் நிற்பது ஏல அறிவிப்பு. கடன் கட்டாத ஆலையை வங்கி விற்கும்போது 'ஆஸ் இஸ் வேர் இஸ்' என்று போட்டிருப்பார்கள். எப்படி இருக்கிறதோ, எங்கே இருக்கிறதோ, அப்படியே எடுத்துக்கொள். இங்கே பொருளின் கண்டிஷனைப் பற்றி விற்பவர் எந்த கண்டிஷனையும் ஏற்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டிய பொறுப்பு முழுக்க வாங்குகிறவருடையது. பழைய இயந்திரமோ ஸ்கிராப்போ ஏலத்தில் எடுப்பவர்கள் டார்ச் லைட்டோடு போவது இதனால்தான்.

தமிழில் குடியேறிய பிறகு

கண்டிஷன் தமிழுக்கு வந்து ஒரு புதுப் பொருளையும் ஈட்டிக்கொண்டது. 'கண்டிஷனா சொல்லிட்டாரு', 'ஹெச்.எம். ரொம்ப கண்டிஷன்' என்றால் கண்டிப்பு. இந்தப் பொருள் ஆங்கிலத்தில் கிடையாது. நம் காதுக்குக் 'கண்டிப்பு' பக்கத்தில் கேட்டதால் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது மட்டும் மேலதிகாரியை 'வெரி கண்டிஷன்' என்று எழுதிவிடாதீர்கள்; நோயாளி என்று படித்துவிடுவார்கள்.

சிச்சுவேஷன் நேராக சினிமாவுக்குப் போனது. இயக்குநர் இசையமைப்பாளரிடம் 'பாட்டுக்குச் சிச்சுவேஷன்' சொல்வார். கதையில் யார், எங்கே, எந்த மனநிலையில் நிற்கிறார்கள் என்பதை ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். ஆங்கிலச் சொல்லின் அசல் பொருளுக்கு மிகப் பொருத்தமான பயன்பாடு இது.

பழைய ஆங்கில நாளிதழ்களின் 'சிச்சுவேஷன்ஸ் வேக்கன்ட்' பத்தி நினைவிருக்கிறதா? அங்கே சிச்சுவேஷன் என்றால் வேலை. காலியாக இருக்கும் நிலைமை என்று யாரும் படிக்கவில்லை.

கடலின் ஸ்டேட்

பழவேற்காட்டு மீனவர்களுக்கு வரும் எச்சரிக்கையில் கடல் 'ரஃப்', 'வெரி ரஃப்' என்று இருக்கும். அவை யாரோ பார்த்துச் சொன்ன பொதுவான வர்ணனை என்று நினைக்க வேண்டாம். உலக வானிலை அமைப்பின் 'சீ ஸ்டேட்' அளவுகோலில் 0 முதல் 9 வரை படிகள் உண்டு. அலை உயரம் 1.25 முதல் 2.5 மீட்டர் வரை 'மாடரேட்'. 2.5 முதல் 4 வரை 'ரஃப்'. 4 முதல் 6 வரை 'வெரி ரஃப்'. ஸ்டேட் என்ற சொல் வந்தாலே அங்கே அளந்து வகைப்படுத்திய படி ஒன்று இருக்கிறது என்று கொள்ளலாம். திடம், திரவம், வாயு என்று பள்ளியில் படித்த மூன்றும் ஸ்டேட்தான். கண்டிஷன் என்று யாரும் சொன்னதில்லை.

'ஸ்டேபிள்' என்றால் தேறிவிட்டார் என்று அர்த்தமா?

இல்லை. விபத்தில் அடிபட்டவரைப் பற்றி மருத்துவமனை 'கண்டிஷன் ஸ்டேபிள்' என்று சொன்னதும் வீட்டில் பாதிப் பேர் மூச்சு விடுவார்கள். அது சொல்வது மாற்றமில்லை என்பதை மட்டுமே. மோசமான நிலையிலேயே மாறாமல் இருப்பவரும் ஸ்டேபிள்தான். அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம், ஸ்டேபிள் என்பதை நோயாளியின் நிலையாகவே சொல்லக் கூடாது என்றும், 'கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்' என்பது தன்னோடு தானே முரண்படும் தொடர் என்றும் தன் உறுப்பினர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நேற்றைவிட இன்று எப்படி? நாளை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

மருத்துவத்தில் கண்டிஷனுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'ஹார்ட் கண்டிஷன்' என்றால் இதய நோய். காப்பீட்டுப் படிவத்தில் 'ஏற்கெனவே ஏதேனும் கண்டிஷன் உண்டா' என்று கேட்டால், 'நல்லா இருக்கேன்' என்று பதில் எழுதுவதல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கச் சொல்லும் காலத்தின் உச்சவரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது.

ஜி.என்.டி. சாலையில் ஒரு நல்ல சொல்

சர்க்கம்ஸ்டன்ஸ் எப்போதும் தொழிலாளிக்கு எதிரான சொல் என்று நினைக்க வேண்டாம். இரவு ஷிஃப்டு முடித்துப் பைக்கில் ஜி.என்.டி. சாலையில் கவரைப்பேட்டை வழியாக வீடு திரும்புகிறவரை லாரி இடித்துவிடுகிறது. ஆலை வாசலுக்கு வெளியே நடந்த விபத்துக்கு ஈ.எஸ்.ஐ. பணிக்காயப் பலன் உண்டா? ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் சேர்த்த 51இ பிரிவு உண்டு என்றது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடந்த விபத்து, அதன் 'சர்க்கம்ஸ்டன்சஸ்', நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பது நிறுவப்பட்டால், பணியின்போது நடந்ததாகவே கருதப்படும் என்பது அதன் சாரம்.

நேரமும் இடமும் தனியே சொல்லப்பட்டுவிட்டன. அப்படியென்றால் சர்க்கம்ஸ்டன்சஸில் மிச்சம் என்ன? எந்தப் பாதையில் போனார், நேரே வீட்டுக்கா, வழியில் வேறெங்காவது திரும்பினாரா, எந்த ஷிஃப்டு, கம்பெனி பஸ் அன்று ஓடியதா என்பதெல்லாம். குடும்பத்தார் செய்ய வேண்டியது, இந்த விவரங்களை மறப்பதற்கு முன் எழுதி வைப்பது. அன்றைய பஞ்ச் பதிவு, ஷிஃப்டு அட்டவணை, முதல் தகவல் அறிக்கையில் உள்ள நேரம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் இப்படிப்பட்ட பயண விபத்துகள் பணியின்போது நடந்தவையாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

லீவ் லெட்டர்

'டியூ டு அன்அவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்சஸ்' என்று தொடங்காத விடுப்புக் கடிதம் நம் ஊரில் குறைவு. பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தொடர் எதையும் சொல்வதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எழுதலாம். அது இன்னும் குறைவான சொற்களில் முடியும். சொல்ல விரும்பாத காரணமென்றால் 'சொந்தக் காரணங்களுக்காக' என்பதே போதும், அதில் கௌரவக் குறைவு இல்லை.

நிர்வாகம் இதே தொடரை எழுதும்போது இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். தொழிலாளியின் கடிதத்தில் அது கூச்சம். சம்பளம் தள்ளிப்போகும் அறிவிப்பில் அது முடிவெடுத்தவரின் பெயரை அழித்துவிடுகிறது. தவிர்க்க முடியாதது என்று யார் தீர்மானித்தது என்ற கேள்விக்கு அந்தத் தொடரில் இடமே இல்லை.

'இன் தி சர்க்கம்ஸ்டன்சஸ்' சரியா, 'அண்டர்' சரியா என்று அலுவலகங்களில் சண்டை நடக்கும். இரண்டும் சரி.

ஏர்கண்டிஷன் நூல்மில்லில் பிறந்தது

'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906இல் வைத்தவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற அமெரிக்க ஜவுளி ஆலைப் பொறியாளர். நூல் அறுந்து போகாமல் இருக்க மில்லின் காற்றில் ஈரம் ஏற்றியதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆளுக்குக் குளிரூட்டுவது அன்றைய நோக்கத்தில் பின்வரிசை; முதலில் நூல்.

அனுமதி ஆணையும் புகார்க் கடிதமும்

சுற்றுவட்டார கிராமங்களில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது இது. கழிவுநீரும் புகையும் விடுகிற ஓர் ஆலை ஓட வேண்டுமானால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி ஆணை வேண்டும். 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தின் 25வது பிரிவு, 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 21வது பிரிவு இரண்டின்படியும் வாங்க வேண்டும். அந்த ஆணையோடு எண்ணிட்ட கண்டிஷன்கள் வரும். எவ்வளவு கழிவுநீர், அது எங்கே போக வேண்டும், புகைபோக்கி எவ்வளவு உயரம், புகையைச் சுத்தம் செய்யும் கருவி எது என்று வரிசையாக இருக்கும்.

ஊர் மக்கள் எழுதும் மனுக்களில் பெரும்பாலும் இருப்பது 'எங்கள் ஊரின் சூழ்நிலை மிக மோசமாக உள்ளது' என்ற வரி. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சூழ்நிலைக்கு யாரும் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கவில்லை. பதிலும் 'பார்வையிடப்பட்டது' என்று வந்து முடிந்துவிடும். 'இந்த ஆணையின் இத்தனையாவது நிபந்தனை மீறப்படுகிறது. இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்தப் பக்கத்துக் கால்வாயில் இந்த நிறத்தில் தண்ணீர் வந்தது' என்று எழுதினால் மனுவைப் படிக்கிற அதிகாரிக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாள் கிடைக்கிறது. ஆலை தானே ஏற்றுக்கொண்ட நிபந்தனை அது; மறுக்க வேண்டுமானால் எண்ணைச் சொல்லித்தான் மறுக்க முடியும்.

வாரியத்துக்குக் கும்மிடிப்பூண்டிக்கென்றே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் உண்டு. ஆணையின் நகல் கையில் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஆலையின் பெயர், இருக்கும் இடம், 'நடப்பில் உள்ள அனுமதி ஆணையும் அதனுடன் இணைந்த எல்லா நிபந்தனைகளும்' என்ற வரி, 10 ரூபாய் கட்டணம். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.